14க்கு 11 அடி ஹாலில் பேஸ் கும்முகிறது, பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் தீருமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சென்னையில் அபார்ட்மென்ட். ஹால் 14க்கு 11 அடி, உயரம் 10 அடி, தரை முழுக்க டைல்ஸ். ஐந்தரை அங்குல வூஃபர் (கீழ் ஓசை தரும் கூம்பு) உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று டிவி யூனிட்டின் இரண்டு பக்கத் தட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது, போர்ட் (பேஸுக்கான காற்றுத் துளை) பின்பக்கம். எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் ஹாலையே அதிர வைக்கின்றன, சில இருந்த இடம் தெரியவில்லை. பாடுகிறவர் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. ஒரு மணி நேரத்தில் காது சலித்துப்போகிறது. கடைக்காரர் ஃப்ளோர்ஸ்டாண்டருக்கு, அதாவது தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கருக்கு, மாறச் சொல்கிறார், கூடவே தடித்த கேபிளும். ஒன்றரை லட்சம் போடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் குறை ஸ்பீக்கருடையதா அறையுடையதா என்பது. அது தெரியாமல் வாங்கினால், இதே கும்மல் இன்னும் பெரிய பெட்டியிலிருந்து வரும்.

ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மானிட்டர் ஸ்பீக்கர் பொருத்தும் வேலையில் தொடங்கி, பிறகு வீடுகளில் ஹை-ஃபை அமைத்துக் கொடுப்பதே தொழிலாகிவிட்டவன் நான். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அறையும் இடமும் செய்கிற வேலை என்று நேரில் பார்க்காமலே சொல்லலாம். மீதி, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் உறுதியானது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலியலை போய்த் திரும்பும்போது சில அதிர்வெண்களில் அது தன்னோடு தானே சேர்ந்து பெருகும். எந்த அதிர்வெண் என்பதற்குக் கணக்கு எளிது. 565ஐ அறையின் நீளத்தால், அடியில், வகுத்தால் போதும். உங்கள் 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, உயரம் 10 அடிக்கு 56. இவற்றின் இரட்டிப்புகளும் உண்டு: 80, 103, 113. வெயில் காலத்தில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போவதால் இந்த எண்கள் ஒன்றிரண்டு சதவீதம் ஏறும், அதை விட்டுவிடலாம். இப்போது பேஸ் கிட்டாரைப் பாருங்கள். அதன் மிகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஸ்தாயி 82. உங்கள் அறையின் 40க்கும் 80க்கும் பக்கத்திலேயே இரண்டும் விழுகின்றன. ஐந்தரை அங்குல வூஃபர் 40 ஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே உங்களைத் தொந்தரவு செய்வது 80ஐச் சுற்றியுள்ள பகுதி என்பது என் ஊகம். ஊகத்தைச் சோதிக்கச் செலவே இல்லை.

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 80 ஹெர்ட்ஸை ஸ்பீக்கர் வழியாக, பேச்சுச் சத்த அளவுக்குக் குறைவாகவே ஓடவிடுங்கள். சோபாவில் வழக்கம்போல் சாய்ந்து உட்காருங்கள். பிறகு முதுகை எடுத்து முன்னே குனிந்து, தலையை மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். காது சுவரிலிருந்து ஒரு அடியில் இருக்கும்போது கேட்ட ஓசை, மூன்றரை அடிக்கு வரும்போது மெலிந்து, கிட்டத்தட்டக் காணாமலே போக வேண்டும். 14 அடியில் நான்கில் ஒரு பங்கு மூன்றரை அடி. 80 ஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே அழுத்தம் குறைவு. இன்னும் முன்னே போனால் திரும்ப ஏறும். இப்படி நடந்தால் குற்றவாளி அறைதான். ஹால் டைனிங் பக்கம் திறந்திருந்தால் எண்கள் கொஞ்சம் தள்ளிப்போகும். 70இலிருந்து 90 வரை ஐந்தைந்தாக மாற்றிப் பாருங்கள்.

இந்தச் சோதனையே மருந்தையும் காட்டிவிடும். எல்லா அறை அதிர்வுகளுக்கும் சுவரோரத்தில்தான் அழுத்தம் உச்சம். சுவரில் சாய்ந்து கேட்பது என்றால் அத்தனை கும்மலையும் முழுசாக வாங்கிக்கொள்வது. காது சுவரிலிருந்து இரண்டரை அடிக்கு வந்துவிட்டால், கணக்குப்படி 80 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்குகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒன்றரை டெசிபல்கூட இறங்காது, ஆனால் அது உங்களுக்கு இப்போதைய தலைவலி இல்லை. அதாவது சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுக்கிறீர்கள், அவ்வளவுதான். அறை நீளத்தில் 38 சதவீதத்தில் உட்கார வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ஸ்டுடியோவுக்கு அது நல்ல தொடக்கப் புள்ளி. நாலு பேர் நடமாடுகிற ஹாலில் சோபாவை ஐந்தேகால் அடி உள்ளே கொண்டுவந்தால் வீட்டில் சண்டைதான் வரும். நட்ட நடுவிலும் உட்காராதீர்கள். அங்கே 40 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல் போய், 80 திரும்ப உச்சத்துக்கு வரும்.

அடுத்தது டிவி யூனிட். மூன்று பக்கமும் பலகை, பின்னாலும் பலகை, அதற்குள் பின்பக்க போர்ட் உள்ள ஸ்பீக்கர். போர்ட்டிலிருந்து வரும் ஓசை தட்டுக்குள் அடைபட்டு, அந்தப் பலகைகளே பேச ஆரம்பிக்கும். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்கிறீர்களே, உண்மையிலேயே பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. இரண்டையும் வெளியே எடுங்கள். ஸ்டாண்ட் வாங்க வேண்டுமே என்று தயங்க வேண்டாம். பக்கத்து வெல்டிங் பட்டறையில் 2 அல்லது 3 அங்குலச் சதுர இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, கீழே கனமான தகடு, மேலே ஸ்பீக்கர் அடிப்பாகத்தைவிடக் கொஞ்சம் சிறிய தகடு வைத்துப் பற்றவைக்கச் சொன்னால் செய்துகொடுப்பார்கள். குழாயை நன்றாகக் காய்ந்த மணலால் நிரப்பி மூடிவிடுங்கள். தட்டினால் டங்கென்று ஒலிப்பது நின்றுவிடும். ஈர மணல் போட்டால் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். அடியில் கிரானைட் கடையில் மிச்சப்பட்ட துண்டோ கடப்பாக்கல்லோ வைத்தால் ஆடாது. உயரம்தான் முக்கியம்: நீங்கள் உட்காரும்போது காது எந்த உயரமோ, ட்வீட்டர் (மேல் ஓசை தரும் சிறிய வட்டு) அந்த உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான சோபாக்களில் அது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர். அதிலிருந்து, ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் வரை எவ்வளவோ அதைக் கழித்தால் ஸ்டாண்ட் உயரம் வந்துவிடும், பெரும்பாலும் 24 அங்குலத்துக்குப் பக்கத்தில்.

ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதில் முழுத் திருப்தி கிடையாது, சமரசம் மட்டும்தான். ஸ்பீக்கரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள அலை, சுவரில் மோதித் திரும்பி வந்து நேர் ஒலியை அழிக்கும். 60 சென்டிமீட்டர் என்றால் 140 ஹெர்ட்ஸ் சுமாருக்கு ஒரு பள்ளம். ஆண் குரலின் அடித்தளமே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு மீட்டருக்குத் தள்ளினால் பள்ளம் 86க்கு இறங்கும், குரல் தப்பிக்கும், ஆனால் ஹாலில் நடக்க வழி இருக்காது. சுவரை ஒட்டினால் பள்ளம் மேலே போகும், கூடவே பேஸ் மொத்தமாக ஏறும். பக்கச் சுவருக்கும் இதே கணக்கு உண்டு. அதனால் பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டாம். இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் ஆழமாகிவிடும். உங்கள் ஹாலுக்கு நான் முதலில் வைத்துப் பார்ப்பது: முகப்பு சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச் சுவரிலிருந்து இரண்டடி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழடி. அங்கிருந்து மூன்று மூன்று அங்குலமாக நகர்த்திக் கேளுங்கள். இந்த இடைவெளியே இல்லை, சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், போர்ட் வாயைப் பஞ்சுருளையால் அடைத்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் பெட்டியிலேயே அதைக் கொடுக்கின்றன. மிகத் தாழ்ந்த பேஸ் கொஞ்சம் போகும், மிச்சமிருப்பது நிதானமாக இறங்கும், சுவர் தருகிற ஏற்றத்தோடு பல அறைகளில் அது நன்றாகவே பொருந்துகிறது.

இடம் ஓரளவு அமைந்த பிறகு, நடுவைச் சரிபார்க்க ஒரு பழைய திரைப்பாட்டு போதும். 60களில் வந்த தமிழ்ப் பாட்டெல்லாம் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சமிக்ஞைதான். பாடுகிறவர் இரண்டுக்கும் நட்ட நடுவே, வெறும் காற்றில், ஒரு முகத்தின் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அகலமாகப் பரவியோ, எங்கே என்று சொல்ல முடியாமல் தலைக்குள்ளேயோ கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகளின் ஒயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்வையில் தெரியாவிட்டால் இரண்டையும் நாலு அங்குல இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து அதே பாட்டைப் போட்டு, ஒன்றின் ஒயரை மட்டும் மாற்றிக் கேளுங்கள். எந்த இணைப்பில் பேஸ் கூடுதலோ அதுதான் சரி. குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் டேப் எடுத்துக் காதிலிருந்து இரண்டு ட்வீட்டருக்கும் அளந்து பாருங்கள். ஒரு அங்குல வித்தியாசமே நடுவை நகர்த்தும். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் திறந்த டைனிங் என்று இருந்தால், தூரம் சரியானாலும் குரல் சுவர்ப்பக்கம் இழுக்கும். அங்கே பாலன்ஸ் குமிழை ஒரு டெசிபல் திருப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரை உள்பக்கம் எவ்வளவு திருப்புவது என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். நேராகப் பார்க்க வைத்துத் தொடங்கி, இரண்டு முகப்புக் கோடுகளும் உங்கள் தலைக்கு ஒரு முழம் பின்னால் வெட்டிக்கொள்ளும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப நடுக் குரல் கூர்மையாகும், மேல் ஓசைகளும் ஏறும், இசை பரவி நிற்பதாகத் தோன்றும் மேடையின் அகலம் குறையும். "ச" "ஷ" ஓசைகள் குத்த ஆரம்பித்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். நீங்கள் சொல்லும் காதுச் சலிப்புக்கு இது பாதிக் காரணமாக இருக்கலாம்.

மறு பாதி டைல்ஸ். ஹால் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ர்ர்ர்" என்று ஒரு வால் கேட்டால், வழவழப்பான இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஓசை பந்தாடுகிறது என்று பொருள். தரைக்கும் கான்கிரீட் கூரைக்கும் நடுவில் இது சர்வசாதாரணம். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான விரிப்பு போடுங்கள். பவானி ஜமுக்காளம் ஒன்றை மட்டும் விரித்தால் மேலோசைகளில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதன் கீழே தடித்த ஃபெல்ட்டோ மெத்தை விரிப்போ போட்டால் நன்றாக வேலை செய்யும். பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, இவையெல்லாம் உதவும். முட்டை அட்டையை ஒட்டச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எதையும் உருப்படியாக உறிஞ்சாது. ஒரு அங்குல ஃபோம் தகடுகள் மேல் பகுதியை மட்டும் தின்று அறையை மந்தமாக்கும், கும்மல் அப்படியே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 22 அடி; திரைச்சீலை அதைத் தடுக்காது. உண்மையாகவே பேஸை உறிஞ்ச வேண்டுமானால் மூலைகளில் ராக்வூல் பலகைகளைத் தரையிலிருந்து கூரை வரை குறைந்தது நாலு அங்குலத் தடிப்பில் துணி போர்த்தி நிறுத்த வேண்டும். 48 கிலோ அடர்த்திப் பலகைகள் நம் ஊரில் எளிதாகவே கிடைக்கின்றன. ஆனால் ஹாலில் அதற்கு அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

இடையில் ஒன்று. இதையெல்லாம் செய்யும்போது மின்விசிறி எந்த வேகத்தில் ஓடுமோ அந்த வேகத்தில் ஓடட்டும். விசிறியின் இரைச்சல் தம்புராவின் மீட்டல் தேய்ந்து முடிவதையும், மிருதங்கத்தில் விரல் உரசுவதையும் விழுங்கிவிடும். அதை நிறுத்திவிட்டு நள்ளிரவில் துல்லியமாகச் சரிசெய்த அமைப்பை, மே மாத மத்தியானம் நாலாவது வேகத்தில் கேட்டால் வேறு அமைப்பாகத்தான் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சுரம் துருத்திக்கொண்டு நின்றால், அளவெடுக்கும் நேரம் வந்துவிட்டது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 மாதிரி அளவுத்திருத்தம் செய்த யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கினால் போதும், அல்லது யாரிடமாவது ஒரு நாள் கடன் வாங்குங்கள். போன் மைக் கீழ் அதிர்வெண்களில் நம்பத்தக்கதல்ல, இருந்தாலும் எந்த இடத்தில் மேடு என்பதை ஓரளவு காட்டும். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். மேட்டை ஈக்யூவால், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதியால், வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள்; அங்கே ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் அழியும், ஆம்பும் வூஃபரும் சும்மா உழைக்கும். 80இல் 6 டெசிபல் மேடு என்றால் அதே அகலத்துக்கு 5 டெசிபல் வெட்டுங்கள், மொத்தமாக மட்டப்படுத்த வேண்டாம். இப்போது பல ஸ்ட்ரீமர்களிலேயே பாராமெட்ரிக் ஈக்யூ வந்துவிட்டது. ஏவி ரிசீவர் வைத்திருந்தால் ஆடிஸி, டிராக் போன்ற அறைத் திருத்த வசதி பெரும்பாலும் இருக்கும். எதுவானாலும் திருத்தத்தை 250, 300 ஹெர்ட்ஸோடு நிறுத்திவைப்பது என் வழக்கம். உங்கள் அளவு அறையில் அதற்குக் கீழேதான் அறை ஆட்சி செய்கிறது. அதற்கு மேலே மைக் பார்ப்பதும் காது கேட்பதும் ஒன்றல்ல. நேர் ஒலியையும் எதிரொலியையும் காது பிரித்தறியும், மைக் கூட்டிக் காட்டும். நல்ல ஸ்பீக்கரின் கோடு கேட்கும் இடத்தில் பேஸிலிருந்து ட்ரெபிள் நோக்கி மெல்லச் சரிந்துதான் இருக்கும். அதைப் பிடித்து நேராக்கினால் ஓசை கீச்சென்று ஆகிவிடும்.

சரி, ஸ்பீக்கரையே மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் எதைப் பார்ப்பது? பின்னால் திருத்த முடியாததைப் பாருங்கள். பேஸ் எப்படியும் அறையோடு மல்லுக்கட்டும், அதை நகர்த்தியும் வெட்டியும் சரிசெய்யலாம். நேராக வரும் ஒலியின் சமநிலையும், பக்கவாட்டில் சிதறும் ஒலியின் ஒழுங்கும் ஸ்பீக்கரோடு பிறந்தவை. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் இதில் அடித்தளம். 1991இல் அவர் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனபின் சீன் ஆலிவும் அவரும் அதைத் தொடர்ந்தார்கள். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து, ஒரே சத்த அளவில் கேட்க வைத்தால், பெரும்பாலானோர் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களைத்தான் விரும்புகிறார்கள்: நேர் ஒலி மட்டமானது, பக்க ஒலி அதே வடிவில் சீராகக் குறைவது. 1994இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு சோதனை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஹார்மன் ஊழியர்களே திரை இல்லாமல் கேட்டபோது, பெரிய, அழகான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்னஞ்சிறு பெட்டிகளும் தாழ்ந்த பேஸுக்கென்றே தனி சப்வூஃபரும் கொண்ட மலிவான செட்டுக்கு, மறைத்தபோது கிடைத்ததைவிட நன்றாகக் குறைந்தது. காது கேட்பதைக் கண் மாற்றுகிறது. கடையில் நீங்கள் திரை போட முடியாது, ஆனால் கண்ணை மூடிக்கொள்ளலாம். சத்தத்தைச் சமப்படுத்தச் சொல்லலாம். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவது எப்போதுமே "தெளிவாக" இருப்பதாகத் தோன்றும்.

இந்த அளவுகளை வாங்குவதற்கு முன்பே பார்க்கலாம். ஸ்டீரியோஃபைல் போன்ற பத்திரிகைகள் பல மாடல்களை அளந்து வெளியிடுகின்றன. சில நிறுவனங்கள் ஸ்பீக்கரைச் சுற்றிலும் அளந்து வரைந்த, ஸ்பினோராமா எனப்படும் வரைபடத்தைத் தாங்களே தருகின்றன. அதில் கோடுகள் சேர்ந்து, மோதாமல், மெல்ல இறங்குகின்றனவா என்று பாருங்கள். 2,000இலிருந்து 3,000 ஹெர்ட்ஸுக்குள் பக்க ஒலியில் திடீர் அகலிப்பு இருந்தால், டைல்ஸ் அறையில் அது உறுத்தும். பெட்டியில் அச்சடித்த "45 - 22,000" என்ற எண்ணை, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று எழுதாவிட்டால், மதிக்க வேண்டாம்.

சிறிய பெட்டி என்பதாலேயே தாழ்ந்ததில்லை என்பதற்கு எல்எஸ் 3/5ஏ நல்ல எடுத்துக்காட்டு. வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் பெரிய மானிட்டர் வைக்க இடமில்லை என்பதற்காக 70களில் பிபிசி பொறியாளர்கள் உருவாக்கியது. ஒரு அடி உயரம், முற்றிலும் மூடிய பெட்டி, ஐந்து லிட்டர் சுமார் கொள்ளளவு. அறிவிப்பாளரின் குரல் இயல்பாக இருக்கிறதா என்பதே அவர்களுக்கு உரைகல். 100 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு சிறு ஏற்றம் அதில் இருக்கிறது. இல்லாத பேஸ் இருப்பதுபோல் தோன்ற அது உதவுகிறது. அதே காரணத்தால் சுவரை ஒட்டி வைத்தால் அதுவும் கும்மும். சத்தமாகக் கேட்கிறவர்களுக்கு அது ஆகாது, ஆனால் வாய்ப்பாட்டு கேட்கிறவர்கள் இன்றும் அதையும் அதன் வாரிசுகளையும் தேடி வாங்குகிறார்கள்.

கடைக்காரர் சொன்ன ஃப்ளோர்ஸ்டாண்டருக்கு வருவோம். உங்கள் ஹாலில் அது 40 ஹெர்ட்ஸையும் எழுப்பிவிடும். இப்போது தூங்கிக்கொண்டிருக்கும் அந்த மேடும் சேர்ந்துகொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், குரலுக்குப் பொருத்தமான இடமும் பேஸுக்குப் பொருத்தமான இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஃப்ளோர்ஸ்டாண்டரில் இரண்டும் ஒரே பெட்டியில் பூட்டப்பட்டவை. கீழ் ஓசை இன்னும் வேண்டும் என்றால் நல்ல புக்ஷெல்ஃபும் ஒரு சப்வூஃபரும்தான் என் பரிந்துரை. சப்வூஃபரைத் தற்காலிகமாக சோபாவில் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அதற்குப் பிரித்துவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அபார்ட்மென்டில் மூடிய பெட்டி சப்வூஃபரும் மிதமான சத்தமும் நல்லது.

ஆம்ப் சக்தியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 86 டெசிபல் உணர்திறன் உள்ள ஜோடி, ஒன்பதடி தூரத்தில், வழக்கமான சத்தத்துக்கு ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் கேட்கும். தவில் அடிக்கும் கணங்களுக்கு அதுபோல் பல பத்து மடங்கு வேண்டும். 40, 50 வாட் நல்ல ஆம்பில் அது இருக்கிறது. 50 வாட்டிலிருந்து 100க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. அதைவிட ஸ்பீக்கரின் ஓம் கணக்கைப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது சில அதிர்வெண்களில் 4க்குக் கீழே இறங்கும், மலிவான ரிசீவர்கள் அங்கே திணறும்.

கேபிளைக் கணக்கால் முடித்துவிடலாம். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் மூன்று மீட்டர் நீளத்துக்குப் போகவர 0.05 ஓமுக்கும் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் இழப்பு டெசிபலில் நூறில் ஐந்து பங்கு. தடித்த கேபிள் அதைத்தான் குறைக்கும். முனைகளைத் திருகி இறுக்குங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை பச்சை பிடித்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள். அது கேபிள் மாற்றுவதைவிட உருப்படியான வேலை.

இனி உறுதியில்லாதவை. புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் "திறக்கும்" என்கிறார்கள். வூஃபரின் விளிம்பு முதலில் கொஞ்சம் தளரும், அது அளவில் தெரியும், சீக்கிரமே முடிந்தும் விடும். அதற்கு மேல் பழகுவது காது என்றே நினைக்கிறேன், நிரூபித்துக் காட்டச் சொன்னால் முடியாது. ஸ்பீக்கருக்கோ ஸ்டாண்டுக்கோ அடியில் பொருத்தும் ஸ்பைக் ஆணிகளைப் பற்றிய அறிவுரை மரத்தரையும் கார்ப்பெட்டும் உள்ள வீடுகளிலிருந்து வந்தது. கான்கிரீட் தளத்தின் மேல் டைல்ஸில் அதனால் எனக்குப் பெரிதாக எதுவும் கேட்டதில்லை, டைல்ஸில் கீறல் மட்டும் நிச்சயம். பக்கச் சுவரின் முதல் எதிரொலியை உறிஞ்ச வேண்டுமா என்பதில் வல்லுநர்களே இரண்டு கட்சி. ஒலிப்பதிவாளர்கள் உறிஞ்சு என்பார்கள். பக்க ஒலி சீரான ஸ்பீக்கராக இருந்தால் அந்த எதிரொலி அகலத்தைத் தருகிறது, விட்டுவிடு என்பது டூலின் பக்கம். வீட்டில் கேட்பதற்கு நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். நீங்கள் ஒரு மெத்தையை அங்கே நிறுத்தி வைத்தும் எடுத்தும் கேட்டு முடிவு செய்யலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்கும் யோசனையும் இருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 80கள், 90களின் பல மாடல்களில் வூஃபர் விளிம்பு ஃபோம். நம் கடற்கரை ஈரத்தில் அது பொடிந்துபோகும். கிரில்லைக் கழற்றி, விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ புது ஃபோம் ஒட்டும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ரப்பர் விளிம்பு என்றால் அவ்வளவு பயமில்லை. கூம்பின் இரண்டு பக்கத்திலும் விரல்களைச் சமமாக வைத்து லேசாக உள்ளே அமுக்குங்கள். உள்ளே கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசும் ஓசை கேட்டால் வாங்காதீர்கள்.

ஆக, இப்போதைக்கு ஒன்றரை லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும். ஸ்டாண்டும் விரிப்பும், முடிந்தால் மைக்கும் வாங்கி, சோபாவை நகர்த்தி, இரண்டு வாரம் கேளுங்கள். அளந்தீர்கள் என்றால் வரைபடத்தை இதன் கீழே போடுங்கள். காது பின்சுவரிலிருந்து எத்தனை அடி, ஸ்பீக்கர் முகப்பு முன்சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த மேட்டை எவ்வளவு வெட்டுவது என்று சொல்கிறேன்.